என் நெஞ்சில் கட்டிய பேத்தி

மூன்றாம் வகுப்புக்கு மேல் நான் பள்ளிக்கூடம் போனதில்லை. போயிருந்தால் இன்றைக்கு ஏதாவது ஓர் ஆபீசில் கை கட்டி நின்றிருப்பேன். சைக்கிளில் இரண்டு கூடைக் கோழியைக் கட்டிக்கொண்டு பேரையூர்ச் சந்தையில் ஆரம்பித்தவன் நான். இன்று அந்தச் சுற்றுவட்டாரத்தில் நான்கு கறிக்கோழிப் பண்ணை வைத்திருக்கிறேன். மதுரையில் பாதிக் கடைக்காரர்கள் என் வண்டிச் சத்தம் கேட்டுத்தான் ஷட்டரைத் தூக்குகிறார்கள். எல்லாம் சொந்த உழைப்பு. ஆனாலும் நீ செய்ததிலேயே பெரிய வேலை எது என்று கேட்டால், சட்டையில்லாமல் ஒரு சாய்வு நாற்காலியில் அசையாமல் கிடந்ததுதான் என்று சொல்வேன். அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். குறைமாதத்தில் பிள்ளை பிறந்து, என்ன செய்வதென்று தெரியாமல் ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்கிற எவருக்காவது இது ஆகட்டும். எழுத்துப் பிழையைத் திருத்தியவள் என் மகள் ரேவதி. நான் பெருமை பேசுகிற இடங்களையும் திருத்தப் பார்த்தாள். விடவில்லை.

ரேவதிக்குத் தலைப்பிரசவம். வளைகாப்புப் போட்டு எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்திருந்தோம். மாப்பிள்ளை கப்பலில் வேலை பார்க்கிறார். நினைத்த நேரத்தில் கரையேற முடியாது. தலைப்பிள்ளையைப் பத்திரமாகப் பெற்று, தாயையும் பிள்ளையையும் முழுசாகப் புருஷன் வீட்டில் ஒப்படைப்பது பெண்ணைப் பெற்றவன் பொறுப்பு. அதில் குறை வந்தால் ஆயுசுக்கும் பேச்சுக் கேட்க வேண்டும்.

ஒருநாள் காலையில் ரேவதி தலை வலிக்கிறது என்றாள். கால் வீங்கி, செருப்பு நுழையவில்லை. "வெயிலா இருக்கும், மோர் குடி" என்றாள் என் மனைவி பாண்டியம்மாள். மத்தியானம் ரேவதி என்னைப் பார்த்து, "அப்பா, நீங்க ரெண்டு ரெண்டாத் தெரியுறீக" என்றாள். உடனே காரை எடுத்துவிட்டேன்.

மதுரையில் கோரிப்பாளையம் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. டாக்டரம்மா ரத்தக்கொதிப்பை அளந்து பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கர்ப்பத்தில் சில பெண்களுக்கு வருகிற கொதிப்பாம் அது. மாத்திரைக்கு அடங்காமல் ஏறினால் வலிப்பு வரும், தாயும் பிள்ளையும் இரண்டு பேரும் போய்விடலாம், பிள்ளையை வெளியே எடுத்தால்தான் தாய்க்கு இறங்கும் என்றார்.

"இப்பத்தானேம்மா எட்டாம் மாசம் பொறந்துருக்கு?"

"தெரியும்யா. காத்திருக்க நேரம் இல்லை."

கையெழுத்துப் போட்டேன். வராந்தாவில் பக்கத்து பெஞ்சில் இருந்த ஒரு அம்மா, என் காதில் விழட்டும் என்றே, "ஏழாம் மாசப் பிள்ளை கூடத் தங்கும், எட்டாம் மாசப் பிள்ளை தங்காதுன்னு சொல்லுவாக" என்றாள். இதைப் பிறகு டாக்டரம்மாவிடம் கேட்டேன். "யாரு சொன்னது? வயித்துல ஒருநாள் கூடுதலா இருந்தாலும் லாபம்தான்" என்றார். எட்டாம் மாதக் கதையை உங்களிடம் யாராவது சொன்னால் இந்தப் பதிலைச் சொல்லுங்கள்.

பெண் பிள்ளை. ஒன்றேகால் கிலோ.

இந்த இடத்தில் சேனையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கம் பிள்ளை பிறந்தவுடன், தாய்ப்பாலுக்கும் முந்தி, வாழ்க்கையில் நன்றாக இருக்கிற ஒருவர் சீனித்தண்ணீரை விரலில் தொட்டுப் பிள்ளை நாக்கில் வைப்பார். அதுதான் சேனை. வைத்தவர் குணமும் ராசியும் பிள்ளைக்கு வரும் என்பது நம்பிக்கை. எங்கள் வகையறாவில் என் விரலைத்தான் அதிகம் பேர் தேடி வந்திருக்கிறார்கள். நான் சேனை வைத்த ஒருவன் போலீசில் இருக்கிறான், ஒருவன் சொந்தமாக ஜேசிபி வாங்கி விட்டிருக்கிறான். ஒருவன் மட்டும் தறுதலையாகப் போனான். விசாரித்ததில் அவனுக்கு வைத்தது நான் இல்லை, அவன் சித்தப்பன்.

அப்படிப்பட்ட நான், என் சொந்தப் பேத்திக்கு வைக்க வெள்ளிக் கிண்ணத்தில் சீனித்தண்ணீர் கலக்கிக்கொண்டு போய் நின்றேன். பச்சைப் பிள்ளைகளைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பார்க்கும் அறை அது, ஆஸ்பத்திரியில் என்.ஐ.சி.யு. என்கிறார்கள். வாசலில் ஜெசிந்தா என்று ஒரு நர்சம்மா மறித்தார்.

"என்னய்யா அது கிண்ணத்துல?"

"சேனைம்மா. ஒரு சொட்டுத்தான்."

"ஒரு சொட்டும் கிடையாது. அங்கிட்டு வைங்க."

"இந்தக் கையைப் பத்தி உங்களுக்குத் தெரியாது. எம்புட்டுப் பிள்ளைகளுக்கு வச்ச கை தெரியுமா?"

"இருக்கட்டும்யா. இந்தப் பிள்ளைக்குக் குடல் இன்னும் பழுக்கலை. தண்ணி, சீனி, தேன் எது போனாலும் கிருமி பிடிச்சுக் குடல் புண்ணாப் போகும். தாய்ப்பால் மட்டும்தான், அதுவும் சொட்டுச் சொட்டா."

"அப்ப என் ராசி?"

"ராசி மெதுவா வரட்டும். முதல்ல மூச்சு வரட்டும்."

கிண்ணத்தை வாஷ்பேசினில் கொட்டினேன். "ஊருக்கெல்லாம் வச்ச மகராசன், சொந்தப் பேத்திக்கு வைக்கக் குடுத்து வைக்கலை" என்றாள் பாண்டியம்மாள். அன்று அவளோடு நான் பேசவில்லை.

கையை முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லி, பிறகு உள்ளே விட்டார்கள். எத்தனையோ ஆயிரம் குஞ்சுகளை முட்டையிலிருந்து வந்த ஈரத்தோடு பார்த்தவன் நான். ஆனாலும் அந்தப் பெட்டிக்குள் கிடந்தது மாதிரி ஒன்றை அதுவரை பார்த்ததில்லை. தோல் அவ்வளவு மெல்லிசு. உள்ளே ஓடும் நரம்பெல்லாம் வெளியே தெரிந்தது. மூக்கில் ஒரு குழாய், காலில் ஒரு சிவப்பு விளக்கு. அந்த விளக்குதான் ரத்தத்தில் எவ்வளவு பிராணவாயு இருக்கிறது என்று எண்ணாகக் காட்டுகிறது, சாச்சுரேஷன் என்கிறார்கள். எண் இறங்கினால் பெட்டி கூவும். குறைமாதப் பிள்ளை சில சமயம் மூச்சு விடவே மறந்துபோகுமாம். நர்சம்மா ஓடிவந்து உள்ளங்காலில் ஒரு சுண்டு சுண்டுவார், மறுபடி இழுக்கும். பிறகு மஞ்சள் காமாலைக்காகக் கண்ணைக் கட்டி நீல விளக்கின் கீழே போட்டார்கள். ஒவ்வொன்றையும் விடாமல் கேட்டுத் தெரிந்துகொண்டேன். "இந்த அய்யா டூட்டி டாக்டரை விட அதிகமாக் கேள்வி கேக்குறாரு" என்று பேர் வாங்கினேன். கேளுங்கள். வெட்கப்படாமல் கேளுங்கள். நம் பிள்ளை.

பில்லைப் பற்றி எழுத மாட்டேன். கட்டினேன். அவ்வளவுதான்.

பணத்தால் ஆகாத உதவிகளை மட்டும் சொல்கிறேன். எதிரே டீக்கடை வைத்திருந்த பாய், நான் படியில் உட்கார்ந்திருந்தால் கேட்காமலே டீயோடு வருவார். "இன்ஷா அல்லா, புள்ள எந்திரிச்சு ஓடும், நீங்க டீயைக் குடிங்கண்ணே" என்பார். என் வண்டி டிரைவர் தினமும் பேரையூரிலிருந்து பாண்டியம்மாள் சமையலைச் சூடு ஆறாமல் கொண்டுவந்து சேர்த்தான். ரேவதி தலை சுற்றச் சுற்ற உட்கார்ந்து, பாலைப் பீய்ச்சிச் சின்னக் கோப்பையில் பிடித்துக் கொடுப்பாள். சில நேரம் கோப்பையின் அடி நனைகிற அளவுதான் வரும். "இம்புட்டுத்தான்பா வருது" என்று அழுவாள். "அவ வயிறே இம்புட்டுத்தான்த்தா இருக்கு" என்பேன். அதைச் சங்கு மாதிரி மூக்கு வைத்த பாலாடையில் ஊற்றி ஊட்டுவார்கள்.

குழாயெல்லாம் எடுத்து, பிள்ளை தானாக மூச்சு விட்டு, எடை மெல்ல ஏற ஆரம்பித்ததும், வீட்டுக்குப் போகலாம் என்ற பேச்சு வந்தது. சூடுதான் முக்கியம் என்றார்கள். சூடா? எனக்கே சூட்டைப் பற்றியா? வீட்டில் ஒரு அறையை ஒதுக்கி, குஞ்சு வளர்க்கிற மாதிரியே மேலே தகரக் குடை, அதற்குள் பல்பு, பக்கத்தில் வெப்பமானி, கீழே புது மெத்தை எல்லாம் போட்டு, போட்டோ எடுத்து டாக்டரம்மாவிடம் காட்டினேன்.

அவர் வெகுநேரம் பார்த்தார். "பிரமாதமா இருக்குய்யா" என்றார். "கோழிக்கு."

"ஏம்மா, ஒரு குஞ்சு சாக விடமாட்டேன் நான்."

"பல்புக்குப் பிள்ளை வேர்க்குதா நடுங்குதான்னு தெரியாதுய்யா. கூடிப்போனால் வெந்துரும், கரண்டு போனால் விறைச்சுரும். மனுசத் தோலு அப்படி இல்லை. மூச்சு விட மறந்தாலும், அடியில ஒரு நெஞ்சு ஏறி இறங்குறது அதுக்கு ஞாபகப்படுத்தும்."

அப்போதுதான் கங்காரு முறை என்பதைச் சொன்னார். கங்காருவை நான் பார்த்ததில்லை; அவர் போனில் காட்டினார். குட்டியைப் பைக்குள் போட்டுக்கொண்டு துள்ளுகிறது. அதேபோலப் பிள்ளையின் சட்டையைக் கழற்றி, வெறும் நெஞ்சில், தோலோடு தோலாக வைத்துத் துணியால் கட்டிக்கொள்ள வேண்டும். வைத்தால் ஒரு மணி நேரமாவது அசைக்காமல் வைக்க வேண்டும். நாள் முழுக்க வைத்தால் இன்னும் நல்லது. ரேவதி ஆஸ்பத்திரியிலேயே பழகிக்கொண்டாள். ஆனால் கொதிப்புக்குச் சாப்பிட்ட மாத்திரையில் அவளுக்குக் கிறுகிறுப்பு வந்தது. தலை சுற்றும்போதும் தூக்கம் சொக்கும்போதும் பிள்ளையைக் கட்டக் கூடாது, மாற்று ஆள் வேண்டும் என்றார் ஜெசிந்தா. பாண்டியம்மாளுக்கு விடாத இருமல். நர்சம்மா திரும்பி என்னைப் பார்த்தார்.

"பீடி, சிகரெட் உண்டா?"

"கிடையாது. வெத்தலையும் புகையிலையும் உண்டு."

"இன்னையோட விட்ருங்க."

"ஆம்பளை மாருலயா பிள்ளையைக் கட்டுவாக?" என்று பாண்டியம்மாள் வாயில் சேலையை வைத்தாள்.

"ஆம்பளை மாருலயும் சூடு இருக்கும்மா."

"அவரு மாரு கரடி மாதிரில்ல இருக்கும்!"

"கரடிக்குட்டி வளரலையா?" என்றார் ஜெசிந்தா. அந்த அறையே சிரித்தது. நானும் சிரித்தேன். அன்றே புகையிலையை விட்டேன்.

குளித்து, நகம் வெட்டி, மோதிரங்களைக் கழற்றினேன். கழுத்துச் சங்கிலியையும் கழற்றச் சொன்னார்கள். சந்தையில் முதல் நல்ல லாபம் வந்தபோது போட்டது, அதுவரை கழற்றியதே இல்லை. கழற்றிப் பாண்டியம்மாள் கையில் கொடுத்தேன். நாற்காலியில் பாதி சாய்ந்த வாக்கில் உட்கார வைத்தார்கள். பிள்ளைக்குத் தலையில் குல்லா, காலில் உறை, இடுப்பில் துணி; வேறொன்றும் இல்லை. என் நெஞ்சு நடுவில் தவளையைப் போலக் கை கால் மடக்கி வைத்து, தலையை ஒருபக்கம் திருப்பி, தாடையைக் கொஞ்சம் நிமிர்த்தி, காதுக்குக் கீழே வரை துணியை இழுத்துக் கட்டினார் ஜெசிந்தா. "கழுத்து மடங்கக் கூடாது, மடங்குனா மூச்சுக்குழாயும் மடங்கும். மூஞ்சி எப்பவும் உங்க கண்ணுக்குத் தெரியணும்" என்றார்.

கோழியைத் தூக்கினாலே எடை சொல்லும் கை என்னுடையது. நெஞ்சுக்கு அந்தப் பழக்கம் இல்லை. எதுவும் இருப்பதாகவே தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒரு சின்னச் சூடு. அதற்குள் ஒரு துடிப்பு, என் துடிப்புக்கு இரண்டு மடங்கு வேகத்தில். நானும் மூச்சை மெல்ல விட ஆரம்பித்தேன். பிறகு வயிற்றில் ஈரம் இறங்கியது. "துணியைத் தாண்டி ஒண்ணுக்குப் போயிட்டாம்மா" என்றேன். "நல்லது, பால் பத்துதுன்னு அர்த்தம்" என்றார். அந்த ஈரத்தோடே ஒரு மணி நேரம் கிடந்தேன்.

பேரையூர் வந்தோம். அப்போது மார்கழி. எங்கள் கரிசல் காட்டில் பகலில் வெயில் அடித்தாலும் காலையில் பல் கிட்டும். ரேவதி கொஞ்ச நேரம், நான் மிச்ச நேரம் எல்லாம். வெறும் நெஞ்சில் பிள்ளை, மேலே சால்வை. வியாபாரம் முழுக்கப் போனில், கிசுகிசுக் குரலில். நான் சத்தம் போடாமல் பேசியதை அதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை. மொதலாளிக்கு நெஞ்சுவலியாம், படுத்த படுக்கையாம் என்று ஊரில் பேச்சாகிவிட்டது. ஒரு தீவனத் தரகன் கூப்பிட்டு, "அண்ணே, குரலே போச்சேண்ணே, கவலைப்படாதீக, பண்ணையை நாங்க பாத்துக்கிறோம்" என்றான். "நெஞ்சுல வெயிட்டு ஏறியிருக்கு மாப்ள, இறங்கட்டும், வாரேன்" என்று வைத்தேன்.

ஒருநாள் மத்தியானம், கட்டுத் துணி கொஞ்சம் தளர்ந்திருந்தது. ரேவதியிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்தேன். நெஞ்சில் சின்னதாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது நின்றது போலிருந்தது. குனிந்து பார்த்தேன். பிள்ளையின் தாடை மார்பில் முட்டிக் கிடந்தது. உதடு ஊதா. தாடையை நிமிர்த்தி, முதுகைத் தேய்த்து, உள்ளங்காலைச் சுண்டினேன். ஒன்றும் இல்லை. "அப்பா!" என்று ரேவதி கத்தினாள். மறுபடி சுண்டினேன். ஒரு இழுப்பு. பிறகு ஒரு அழுகை, பூனைக்குட்டி போல. அப்படியே கட்டியபடியே காரில் மதுரைக்குக் கொண்டுபோய்க் காட்டினோம். கழுத்து மடங்கியதுதான், வேறொன்றும் இல்லை, செய்ய வேண்டியதைச் செய்துவிட்டீர்கள் என்றார் டாக்டரம்மா. அதற்குப் பிறகு என் கண் அந்த முகத்தை விட்டு நகரவில்லை.

அதற்கு அடுத்த வாரம்தான் சம்பந்தி தங்கவேல் வந்தார். ஆஸ்பத்திரியில் பிள்ளையைக் கண்ணாடி வழியாகப் பார்த்ததோடு சரி. வண்டியூரில் தெப்பக்குளத்துக்குப் பக்கம் பெரிய இரும்புக்கடை வைத்திருப்பவர். அவரும் என்னைப் போலத் தானாக முளைத்தவர்தான். ஆனால் நான் அவ்வளவு தம்பட்டம் அடிப்பதில்லை. மனைவியோடு தேன் பாட்டிலும் தங்கக் காசுமாக உள்ளே வந்தவர், நான் சட்டையில்லாமல் கிடப்பதைப் பார்த்து நின்றுவிட்டார்.

"என்ன சம்பந்தி இது கோலம்?"

"பிள்ளைக்குச் சூடு குடுக்கேன் சம்பந்தி."

"நல்லது. பிள்ளையைக் கொஞ்சம் திருப்புங்க. சேனை வைக்கணும்."

"வைக்கக் கூடாது சம்பந்தி. டாக்டர் சொல்லியிருக்காக."

"டாக்டரு ஆயிரம் சொல்லுவாக. எங்க வீட்டுத் தலைப்பிள்ளை. வம்சத்துல ஒருத்தன் தொட்டு வைக்காமப் பிள்ளை வளக்குறதா?" என்று தேனில் விரலை விட்டார்.

நான் துணிக்கு மேலே கையை வைத்து மறைத்தேன்.

"ஊருல உள்ள பிள்ளைக்கெல்லாம் தொட்டு வச்சவரு நீங்க. அதுகளெல்லாம் செத்தா போச்சு?"

"அதுக எல்லாம் பத்து மாசப் பிள்ளைக. இது குடல் பழுக்காத பிள்ளை."

"அப்ப நீங்க வைக்கலை?"

"வைக்கலை."

"நம்பச் சொல்றீக?" சிரித்தார். "உங்களை மாதிரி ஆளு சும்மா இருப்பீகளா? ரகசியமா உங்க ராசியை ஏத்திவிட்டு, எங்களை மட்டும் தடுக்குறீக."

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. எழுந்திருந்தால் அன்று வேறு மாதிரி ஆகியிருக்கும். பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தாள். எழவில்லை. சத்தமும் போடவில்லை. "சம்பந்தி, போன வாரம் இந்தப் பிள்ளை உதடு ஊதாவாப் போச்சு. என் நெஞ்சுமேலயே போச்சு. உங்க காலுல விழச் சொன்னாலும் விழுதேன். அந்த விரலைக் கழுவிட்டு வாங்க" என்றேன்.

அவர் கழுவவில்லை. தேன் பாட்டிலை மூடி மனைவி கையில் கொடுத்துவிட்டு, காபி குடிக்காமலே போய்விட்டார். "கை நனைக்காமப் போறாகளே" என்று பாண்டியம்மாள் அழுதாள். கப்பலிலிருந்து மாப்பிள்ளை போன் செய்தார். என்ன சொல்லப் போகிறாரோ என்று ரேவதி கையைப் பிசைந்தாள். "மாமா, நீங்க பிள்ளையை யாருக்கும் திருப்பாதீங்க" என்றார் அவர். நல்ல இடத்தில்தான் பெண்ணைக் கொடுத்திருக்கிறேன்.

அதன்பிறகு ஒவ்வொரு தடவை மதுரைக்குக் கொண்டுபோனபோதும் தராசு முள் எங்களுக்குச் சாதகமாகவே நின்றது. கன்னம் வைத்தது. தொடையில் மடிப்பு விழுந்தது. பாலாடையை விட்டு நேராகத் தாயிடமே குடிக்கப் பழகினாள். ஜெசிந்தா மற்றத் தகப்பன்மார்களைக் கூப்பிட்டு, "இந்த அய்யாகிட்டக் கேளுங்க" என்று என்னைக் காட்ட ஆரம்பித்தார். கோரிப்பாளையத்துப் பையன் ஒருவன், இரட்டைப் பிள்ளைக்காரன், வெட்கப்பட்டுக்கொண்டே சட்டையைக் கழற்றினான். கட்டுப் போட நானே சொல்லிக் கொடுத்தேன்.

தை பிறந்து கொஞ்ச நாள் கழித்து ஒரு காலையில் தங்கவேல் மறுபடி வந்தார். இந்தத் தடவை தனியாக. தேன் பாட்டில் இல்லை. வாசலிலேயே செருப்பை விட்டு, குழாயில் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு உள்ளே வந்தார்.

"கப்பலுக்குப் போன் போட்டுப் பயகிட்டப் பேசுனேன்" என்றார். பிறகு இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். "நகம் வெட்டியாச்சு. குளிச்சாச்சு. எனக்கும் கொஞ்ச நேரம் குடுங்க சம்பந்தி."

நாற்காலியை விட்டு எழுந்தேன். அவர் சட்டையைக் கழற்றி உட்கார்ந்தார். ரேவதி மாமனாரின் நெஞ்சைப் பார்க்கக் கூச்சப்பட்டுக் கதவுப் பக்கம் திரும்பிக்கொண்டாள். என் நெஞ்சிலிருந்த பிள்ளையை எடுத்து அவர் நெஞ்சில் தவளை போல வைத்து, தாடையை நிமிர்த்தி, நானே துணியைக் கட்டினேன்.

கட்டி முடிப்பதற்குள் ஒரு கை வெளியே வந்தது. உள்ளே விட்டேன். மறுபடி வந்தது. கால் உதைத்தது. தலையைத் தூக்கி அவர் மோவாயில் முட்டி, முகம் சிவக்க, வீடே அதிர ஒரு கத்தல்.

"என் மாரு பிடிக்கலை போல" என்றார் தங்கவேல்.

எனக்குப் பயம். ஜெசிந்தாவுக்குப் போன் போட்டேன். "திமிறுறாளாய்யா? வேர்க்குதா? கை காலை வெளிய இழுக்கிறாளா?" என்று வரிசையாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றேன். "உங்க மாருல வச்சுப் பாருங்க" என்றார். வாங்கி என் நெஞ்சில் வைத்தேன். இத்தனை நாள் என் மேலேயே கிடந்தவள், இரண்டு காலையும் என் தொப்பையில் ஊன்றி, ஒரே தள்ளாகத் தள்ளினாள்.

"என்னையும் தள்ளுறாம்மா!"

போனில் ஜெசிந்தா சிரித்தார். "அப்பச் சரி. அவளுக்கு இப்பச் சொந்தச் சூடு வந்துருச்சு. இனிமே நீங்க வேண்டாமாம். இதுக்குத்தானேய்யா இம்புட்டு நாள் கிடந்தீங்க?"

தங்கவேலிடம் சொன்னேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நான் வாரதுக்குள்ள முடிச்சுட்டீகளே" என்றார். அன்று எங்கள் வீட்டில் கை நனைத்துத்தான் போனார். அவர் பந்தியில் உட்கார்ந்திருந்தபோது ரேவதி பிள்ளையைக் கவுன் போட்டுக் கொண்டுவந்து அவர் மடியில் கிடத்தினாள்.

சந்தையிலும் கடைத்தெருவிலும் என்னை வேண்டாம் என்று தள்ளிய எவனையும் நான் சும்மா விட்டதில்லை. இவள் தள்ளியதற்குத் தெருவையே கூப்பிட்டுப் பிரியாணி போட்டேன்.